கிணற்றடி மகிழுந்து

முடிச்சூரில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஒரு கிணறு உண்டு. அந்தக் கிணற்றுக்கும் வேப்பமரத்துக்கும் இடையில், தகரக் கொட்டகையின் கீழ், இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரு மகிழுந்து நின்றது. 1966ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. 1996இல் அப்பா மறைந்தார். அதற்கு அடுத்த மாதம் அம்மா அந்த வண்டியைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிவந்து கொட்டகையில் நிறுத்தினார். சாவியைப் பூசை அலமாரியில் வைத்தார். பிறகு அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டி, உடைந்த மிதிவண்டி, பழைய செய்தித்தாள் கட்டு ஆகியவை ஒவ்வொன்றாக அதன்மேல் ஏறி அமர்ந்தன.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரைச் சூழ்ந்தது. நாங்கள் மாடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே நீர் அந்த மகிழுந்தின் இருக்கை வரையில் ஏறியது. வடிய இரண்டு நாள் ஆயிற்று. வடிந்த பின்னர் கதவைத் திறக்க முயன்றேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

2019இல் பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எடைக்குத்தான் போகும், டீச்சரம்மா" என்றார்.

"எவ்வளவு எடை இருக்கும், தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"எண்ணூறு கிலோ இருக்கும்."

"அதில் துரு எத்தனை கிலோ?"

அவர் விழித்தார். நான் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள். இரும்பு ஆக்சிஜனையும் நீரையும் சேர்த்துக்கொண்டு துருவாகும்போது எடை கூடும் என்பதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்பவள். ஆனாலும் அம்மாவின் கேள்விக்கு என்னிடமும் விடையில்லை. அம்மா அந்த மனிதருக்கு மோர் கொடுத்து அனுப்பினார். அன்று இரவு பூசை அலமாரியிலிருந்து சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு.

பிரித்துச் சேர்க்கும் வண்டி

ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு டிரையம்ப் என்னும் பெயரில் அது வெளிவந்தது. அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கெலொட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் அதனைச் செய்தது. தொழிற்சாலை வண்டலூர்ப் பக்கம் இருந்தது. அதாவது, எங்கள் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் பிறந்த வண்டி அது.

அக்காலத்தில் பெரும்பாலான மகிழுந்துகள் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாய் இணைந்த வார்ப்பாக மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழைய முறைப்படி தனி அடிச்சட்டத்தின்மேல் அமர்ந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. முழு உடலையும் ஒரே இடத்தில் அச்சிட்டுத் தந்துவந்த ஆலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. எனவே உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு பட்டறைகளில் செய்து, போல்ட்டால் முடுக்கிச் சேர்த்தார்கள். நெருக்கடியில் பிறந்த அந்த ஏற்பாடு, தொலைவில் உள்ள நாடுகளில் வண்டியைக் கட்டுவோருக்கும் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து பழுதுபார்ப்போருக்கும் வரமாக அமைந்தது. கூரையைத் தனியே கழற்றலாம். மூக்கும் இரு மட்கார்டுகளும் சேர்ந்த பானட் முழுவதும் முன்பக்கமாகச் சாயும். சாய்த்துவிட்டு முன்சக்கரத்தின்மேல் அமர்ந்துகொண்டே எஞ்சினைப் பார்க்கலாம். இருபத்தைந்து அடி விட்டத்துக்குள் முழுவட்டம் அடிக்கும். தெருவில் ஒரே வீச்சில் அம்மா வண்டியைத் திருப்பியதைச் சிறுவயதில் நான் பலமுறை பெருமையோடு பார்த்திருக்கிறேன்.

வேகத்துக்குப் பேர்போன வண்டி அன்று அது. அதன் எஞ்சின் 948 கனசென்டிமீட்டர்தான். ஆனால் அதன் இரத்தத்தில் வேகம் இருந்தது. 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற பந்தயச் சாயல் மகிழுந்து, ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அதே மிக்கெலொட்டி வரைந்ததுதான். ஹெரால்டின் முன்சக்கரத் தாங்கிகளை லோட்டஸ் போன்ற பந்தய ஊர்தி நிறுவனங்கள் வாங்கிப் பொருத்திக்கொண்டன. போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்கள் நடந்த நாள்களில் நம் ஊர் ஹெரால்டுகளும் அங்கே உறுமின. அம்மாவோ அதைப் படப்பையில் தாம் ஆசிரியராக இருந்த பள்ளிக்கு ஓட்டிச்சென்றார்.

அப்பா 1974இல் அதைப் பழைய வண்டியாக வாங்கினார். வாங்கியவர் அவர்; ஓட்டியவர் அம்மா. அப்பா ரயில்வேயில் எழுத்தர். "நமக்கு ரயில்தான் சரி. ஓட்டுகிற கவலை வேறொருவருக்கு, சன்னல் ஓரம் நமக்கு" என்று விருந்தினர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அம்மா ஓட்ட, இடப்பக்க இருக்கையில் கைக்குட்டையை முழங்காலில் விரித்து அமர்ந்துவருவார். ஓட்டக் கற்றுக்கொள்ளலாமே என்று யாரேனும் கேட்டால், "எனக்கு அந்த ஆசையே இல்லை" என்பார். நாங்கள் அதை நம்பினோம்.

சேற்றில் ஒரு பேனா மூடி

புதுப்பேட்டையில் நாற்பது ஆண்டுகளாக டிங்கர் வேலை செய்த ஒருவரை நண்பர் ஒருவர் அனுப்பிவைத்தார். ஊரெல்லாம் அவரைப் 'பாய்' என்றே அழைத்தது. நாங்களும் அப்படியே அழைத்தோம். வந்தவர் ஒன்றும் பேசாமல் ஒரு திருப்புளியை எடுத்து அடிச்சட்டத்தை வரிசையாகக் குத்திக்கொண்டே போனார். சில இடங்களில் 'டங்' என்ற ஓசை. பல இடங்களில் ஓசையே இல்லை, திருப்புளி உள்ளே இறங்கிற்று. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "நடுச்சட்டம் இருக்கிறது, டீச்சரம்மா. கைகள்தாம் போய்விட்டன" என்றார். நடுச்சட்டத்திலிருந்து இருபுறமும் நீண்டு உடலைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை அவர் கைகள் என்றே சொன்னார்.

கழற்றும் வேலை மூன்று மாதம் நடந்தது. துருவேறிய போல்ட் எளிதில் அசையாது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைப்போம். மறுநாள் சூடேற்றித் தட்டுவோம். அதற்கும் அசையாவிட்டால் அறுப்போம். கழற்றிய ஒவ்வொன்றையும் ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டு, அது எந்த இடத்தது என்று அம்மா துண்டுத்தாளில் எழுதி ஒட்டினார். 'இடக்கதவு, மேல் கீல், நான்கு' என்று கரும்பலகையில் எழுதுவதுபோன்ற அதே வட்டமான கையெழுத்து. பின்னாளில் அந்தப் புட்டிகள் இல்லையென்றால் நாங்கள் வண்டியைப் பூட்டியிருக்கவே முடியாது.

2020 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை, தெருவில் இருந்த எட்டுப் பேர் வந்து உடலை அடிச்சட்டத்திலிருந்து தூக்கிச் செங்கல்மேல் வைத்தார்கள். வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. இட்லி சாப்பிடத்தான் ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர்கள் போனபின் அடிச்சட்டத்தின் ஒரு முனையை உயர்த்தி, உள்ளே குழாய் நீரைப் பாய்ச்சினேன். வெள்ளம் விட்டுச்சென்ற சேறு கட்டிகட்டியாக வந்தது. அதனோடு நத்தை ஓடுகளும், ஒரு பேனா மூடியும் வந்தன. நீர் வடிவதற்கென்று செய்தவர்கள் வைத்த சிறு துளைகள் எல்லாம் அச்சேற்றால் அடைபட்டிருந்தன. வெள்ளம் வீட்டைவிட்டுப் போனது இரண்டு நாளில். வண்டியைவிட்டு அது போகவே இல்லை.

அடுத்த மாதம் ஊரடங்கு வந்தது. பாயால் வர இயலவில்லை. நானும் அம்மாவும் புட்டிகளும் மட்டும் கொல்லையில் இருந்தோம்.

துருவின் வேலை

துருப்பிடித்தலை நான் எப்போதும் ஒரு சமன்பாடாகவே எழுதிக்காட்டி வந்திருக்கிறேன். அந்தக் கோடையில்தான் அதைக் கையால் தொட்டுப் படித்தேன். இரும்பின்மேல் நிற்கும் ஒரு நீர்த்துளியை எண்ணிக்கொள்ளுங்கள். துளியின் விளிம்பில் காற்று எளிதாகக் கரைகிறது. நடுவில் ஆக்சிஜன் குறைவு. விளிம்பு எதிர்மின்வாயாகவும் நடு நேர்மின்வாயாகவும் மாறுகின்றன. இரும்பு கரைந்து குழியாவது நடுவில்தான். காற்றுப்படும் இடம் அன்று, காற்றுக் குறைந்த இடமே அரிக்கப்படுகிறது. ஆகவேதான் மகிழுந்தின் திறந்த பரப்பைவிட, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த மடிப்பும், ரப்பர் விரிப்பின் அடியும், சேறு மூடிய மூலையும் முதலில் அழிகின்றன. துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். எனவே மேலே உள்ள வண்ணப்பூச்சைத் தூக்கிக் கொப்புளமாக்கும். கொப்புளத்தைப் பார்க்கும்போது நாம் காண்பது தொடக்கமன்று. உள்ளே வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

சிறிய உறுப்புகளை மின்னாற்பகுப்பு முறையில் தூய்மை செய்தோம். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நீர், அதில் சலவைச் சோடா. துருப்பிடித்த உறுப்பை மின்கல ஏற்றியின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் இணைத்துத் தொங்கவிட்டோம். எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழிகள் நுரைத்துக்கொண்டு எழும். மறுநாள் எடுத்துத் தேய்த்தால் துரு கருஞ்சேறாகக் கழன்று வரும். நல்ல இரும்பு குறைவதில்லை. ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால் இதைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். துருப்பிடிக்காத எஃகை நேர்முனையில் வைப்பதும் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச்சேர்மமாக நீரில் கலக்கும். நீங்கள் முயல்வதானால் உங்கள் ஆசிரியரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டிக்குள் இறங்காத பெரிய பாகங்களை என்ன செய்வது என்று யோசித்தபோது அம்மா, "கடுக்காய் போட்டுப் பாரேன்" என்றார். அவருடைய பாட்டனார் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியவராம். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. கடுக்காயில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து நீலங்கலந்த கருநிறச் சேர்மமாகும். மையின் கருமை அதுதான். துருவை நிலைப்படுத்த இன்று கடைகளில் விற்கும் திரவங்கள் சிலவற்றிலும் டானிக் அமிலம் உண்டு. கடுக்காயைத் தட்டிக் காய்ச்சி, தேய்த்துத் தூய்மை செய்த கதவின் உட்புறத்தில் பூசினேன். செம்பழுப்பு என் கண்முன்னே கறுத்தது. அதுவே போதுமான காப்பு ஆகிவிடாது. மேலே பிரைமர் அடித்தாக வேண்டும். ஆனாலும் அன்று மாலை முழுதும் கருத்த விரல்களோடு நாங்கள் இருவரும் மகிழ்ச்சியாக இருந்தோம்.

செப்டம்பரில் பாய் திரும்பிவந்தார். பதினாறு கேஜ் தகட்டை வெட்டி மடித்துப் புதிய கைகள் செய்து பற்றவைத்தார். அவர் வேலையில் அம்மா ஒரே ஒருமுறைதான் குறுக்கிட்டார். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு, அடியில் ஒரு வெண்கலக் கிண்ணத்துக்குள் மரைபோல் இறங்கியிருக்கும். திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழலும். பாய் அதில் கிரீஸை ஏற்றப் போனார். "பாய், அதற்குக் கிரீஸ் கூடாது. கியர் ஆயில்தான். கிரீஸ் அடிவரைக்கும் இறங்காது; உள்ளே காய்ந்து தண்டு முறிந்துவிடும்" என்றார் அம்மா. பாய் நிமிர்ந்து பார்த்தார். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் இதைச் சொன்னால் என்ன ஆகுமோ என்று நான் அஞ்சினேன். அவர் கிரீஸ் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வண்டியை டீச்சரம்மா ஓட்டியிருக்கிறீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

காந்தம் பிடிக்காத இடம்

பழைய வண்ணத்தைச் சுரண்டியபோது அடுக்குகள் தெரிந்தன. மேலே 1989இல் அடித்த வெள்ளை. அதன்கீழ் 1978இல் அடித்த இளநீலம். அதற்கும் கீழே, தொழிற்சாலையில் பூசிய சாம்பல் நிறம். அகழாய்வுக் குழியின் மண்ணடுக்குகளைப் போல அவை ஒழுங்காக இருந்தன. பட்டி பூசிய இடம் எங்கேனும் உண்டா என்று அறிய, பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு காந்தம் கொண்டுவந்திருந்தேன். தகடு இருந்தால் காந்தம் ஒட்டும்; பட்டி தடித்திருந்தால் ஒட்டாது. உடல் முழுவதும் தடவிக்கொண்டே போனேன். இடப்பக்கப் பின் மட்கார்டின் கீழே, ஏறத்தாழ ஒரு சாண் அகலத்துக்கு, காந்தம் பிடிக்காமல் கையிலேயே தங்கிவிட்டது.

"பட்டி" என்றார் பாய்.

கிணற்றடியில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த அம்மா, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

உப்புத்தாளால் தேய்த்தேன். வெள்ளை போயிற்று, இளநீலம் வந்தது, அதன்கீழ் பழுப்பு நிறப் பட்டி. சாம்பல் நிற அடுக்கு அங்கே இல்லை. அப்படியானால் இந்த அடி, வண்டி இளநீலமாக இருந்த காலத்தில் பட்டது. பட்டிமேல் இருந்த நீலமும் மற்ற இடத்து நீலமும் ஒன்றல்ல என்பது வெயிலில் தெரிந்தது. இம்மியளவு வேறுபாடு.

"அம்மா, எங்கே இடித்தாய்?" என்றேன்.

"நான் இடிக்கவில்லை" என்றார். பிறகு கிணற்றுச் சுவரைக் காட்டினார். "அங்கே பார். மற்ற இடமெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு. அந்த மூலை மட்டும் சிமெண்டு."

பிறந்ததிலிருந்து பார்த்த கிணறு. அந்த மூலையில் நின்று ஆயிரம் முறை நீர் இறைத்திருக்கிறேன். அன்றுதான் அதைக் கண்டேன்.

1981 மே மாதம், அம்மா பதினைந்து நாள் பயிற்சிக்காகத் திருச்சிக்குச் சென்றிருந்தார். என்னையும் அழைத்துக்கொண்டு போய்ப் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார். வீட்டில் அப்பா மட்டும் தனியே இருந்தார். திரும்பிவந்த மறுநாள் காலை, பள்ளிக்குப் புறப்படும் முன் வழக்கம்போல் ஈரத்துணியால் வண்டியைத் துடைத்தபோது நீலம் மாறியிருந்ததை அம்மா கண்டார். பின்னர்க் கிணற்றுச் சுவரைப் பார்த்தார். திண்ணையில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நெடுநேரமாகப் பக்கத்தைத் திருப்பவே இல்லையாம்.

"முன்னால் ஓட்டவே தெரியாதவர், பின்னால் எடுத்திருக்கிறார்" என்று சொல்லி அம்மா சிரித்தார். கொட்டகையிலிருந்து வெளியே வரவேண்டுமென்றால் பின்னோக்கித்தான் வர வேண்டும்; அவருக்கு வேறு வழியும் இல்லை.

"உனக்கு அப்போதே தெரியுமா? ஏன் கேட்கவில்லை?"

"கேட்டால் கூச்சப்படுவார் என்று நினைத்தேன். அவராகச் சொல்வார் என்று இருந்தேன். நான் கேட்பேன் என்று அவரும் இருந்திருப்பார். பதினைந்து வருடம் ஓடிவிட்டது." சற்றுநேரம் கழித்து, "கேட்டிருந்தால் நானே கற்றுக்கொடுத்திருப்பேன்" என்றார்.

பாய் அந்தப் பக்கம் திரும்பித் தம் கருவிகளைத் துடைக்கத் தொடங்கினார்.

பட்டியை உளியால் பெயர்த்தபோது அது விரற்கடைத் தடிமன் இருந்தது. அடியில் இரும்பு செதில்செதிலாக உதிர்ந்தது. "அவசர வேலை" என்றார் பாய். நசுங்கிய இடத்தைத் தட்டவில்லை, பிரைமர் அடிக்கவில்லை, வெறும் தகட்டின்மேல் பட்டியை அப்பி, நீலம் பூசி, அம்மா வருவதற்குள் வண்டியைத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அப்படி உறிஞ்சி உள்ளேயே வைத்திருந்ததில் துரு அங்கே தொடங்கி, மட்கார்டின் அடிவிளிம்பைத் தின்று, டிக்கியின் தரைக்கும் பரவியிருந்தது. வெள்ளம் வருவதற்கு மிகவும் முன்பே அந்த மூலை போய்விட்டிருந்தது.

அதைத் தட்டி நிமிர்த்தப் பாய் சுத்தியலை எடுத்தார். "அது இருக்கட்டும், பாய்" என்றார் அம்மா.

அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது ஏற்கவில்லை. "வண்டி முழுவதும் சரிசெய்துவிட்டு ஒரு சொட்டையை விட்டுவைத்தால், பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? என் தொழில் என்னாவது?" என்றார். நானும் அவர் பக்கமே பேசினேன். பழைய வண்டிகளைச் சேர்ப்பவர் ஒருவர் முன்பே எனக்கு அறிவுரை தந்திருந்தார். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி ஆக்க வேண்டும், நிறம் உட்பட. அப்போதுதான் மதிப்பு என்பது அவர் கருத்து. அதில் ஒரு நேர்மை உண்டு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்று அந்த வண்டியை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

மூன்று நாள் வேலை நின்றது. நான்காம் நாள் பாய் தாமாகவே ஒரு வழி சொன்னார். உளுத்த அடிவிளிம்பை வெட்டி எறிந்து புதுத்தகடு பற்றவைப்பது. மேலே உள்ள சொட்டையில் நீர் தேங்கக்கூடிய கூர்மையான மடிப்பை மட்டும் தட்டி மழுக்குவது. இருபுறமும் வெள்ளையாகத் தெரியுமளவு தேய்த்துப் பிரைமர் அடித்து, பட்டி வைக்காமல் நேரே வண்ணம் பூசுவது. "சொட்டை இருக்கும், துரு வராது" என்றார். அம்மா தலையசைத்தார். அந்தச் சிறு பகுதிக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கதவையே புதிதாகச் செய்திருக்கலாம்.

நிறம் இளநீலம் என்பதை அம்மா முன்பே முடிவு செய்திருந்தார். வண்ணம் கலப்பவர் மாதிரி கேட்டார். கதவிலிருந்து பெயர்ந்த ஒரு செதிலையும், பட்டியின் மேலிருந்த ஒரு செதிலையும் அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். சன்னல் அருகே கொண்டுபோய், கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பட்டிமேல் இருந்த செதிலைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பினேன்.

பின்னோக்கி

எஞ்சின் வேலையை விரித்துச் சொல்லப்போவதில்லை. நீர் புகுந்து உருளைகளுக்குள் பிஸ்டன்கள் இறுகியிருந்தன. தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, அத்துளைகளின் வழியே டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பன்னிரண்டு நாள் ஊறவைத்தோம். பதின்மூன்றாம் நாள் நீண்ட ஸ்பேனரைப் போட்டு மெல்ல இழுத்தபோது நூலளவு நகர்ந்தது. அந்த நூலளவுக்காக நான் கத்திய கத்தலில் பக்கத்துவீட்டார் ஓடிவந்தனர். பிறகு எல்லாவற்றையும் பிரித்து, தேய்ந்தவற்றைப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. சாலையிலும் தேடித் தேடி மாற்ற ஐந்து மாதம் ஆயிற்று. கிடைக்காத ரப்பர் உறுப்புகள் சிலவற்றைப் பாயே வெட்டிச் செய்தார்.

2021 பிப்ரவரியில் வண்டி உயிர்பெற்றது. சாலையில் எடுத்துச்செல்லப் புதுப்பிக்க வேண்டிய ஆவணங்கள் பல, அது தனிக்கதை. பாய் ஒருநாள் வேறொரு வாடிக்கையாளரை அழைத்துவந்து தம் பற்றவைப்பைக் காட்டினார். வந்தவர் பின்பக்கச் சொட்டையைத் தடவிப் பார்த்து, "இதை விட்டுவிட்டீர்களே?" என்றார். "அது அப்படித்தான் இருக்க வேண்டும்" என்று பாய் சொன்னதை அடுக்களையில் இருந்து நான் கேட்டேன்.

ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி நெடுங்காலம் ஆகியிருந்தாலும், எங்கள் கொல்லைக்குள் ஓட்ட அம்மாவை யார் தடுப்பது? ஒரு காலை, பருத்திப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். கால் எட்டவில்லை, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்தேன். சாவியைத் திருப்பினார். வண்டி இருமுறை இருமிவிட்டுச் சீராக ஓடியது. முன்பக்கம் கொட்டகைச் சுவர். வெளியே வர வேண்டுமென்றால் பின்னோக்கித்தான் வர வேண்டும்.

நான் பின்னால் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, "வரலாம்... வரலாம்..." என்று கையசைத்தேன். இளநீல வண்டி மிக மெதுவாக என்னை நோக்கி வந்தது. கிணற்றை நெருங்கியதும் தானாகவே நின்றது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

அம்மா சன்னல் வழியே தலையை நீட்டினார். "கிணற்றுக்கும் வண்டிக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது?"

"ஒரு சாண் இருக்கிறது, அம்மா."

"நன்றாகப் பார்த்துச் சொல்."

குனிந்து, சிமெண்டுப் பூச்சுக்கும் சொட்டைக்கும் இடையில் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு சாண் இருந்தது.